மஞ்சள் மண்டியிலிருந்து மாண்டவிக்கு

சூதாட்ட ஊர் என்றதும் உங்கள் மனக்கண் முன் என்ன தோன்றுகிறது? மாண்டி கார்லோவின் பளிங்கு மாளிகையும், லாஸ் வேகாஸின் விளக்கு அலங்காரமும், கோட்டும் சூட்டுமாக நிற்கும் கோடீசுவரர்களும்தானே? எனக்கும் அப்படித்தான் தோன்றிக்கொண்டிருந்தது, சென்ற ஐப்பசி மாதம் வரையில். நமது தேசத்திலேயே, மத்தியான்னம் கடையைச் சாத்திவிட்டு உறங்கும் ஒரு சின்னஞ்சிறு ஊரில், நம்மைப் போன்றவர்கள் கையைக் கடிக்காமல் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். பார்த்துவிட்டு வரலாம், வாஸ்தவம். கையைக் கடிக்காமல் என்ற பகுதியைப் பற்றித்தான் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னை அங்கே அழைத்துக்கொண்டு போனவர் ஒரு மஞ்சள் விவசாயி. நாமக்கல் ஜில்லாவில், ராசிபுரத்துக்கு அருகே, கொல்லிமலையின் நிழலில் இருக்கிறது நாமகிரிப்பேட்டை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி கிருஷ்ணனால் உலகத்துக்குத் தெரிந்த ஊர். வியாபாரிகளுக்கோ அது மஞ்சள் ஊர். செவ்வாய்க்கிழமை தோறும் அங்கே மஞ்சள் ஏலம் நடக்கும். விரலி, உருண்டை, பனங்காளி என்று ரகம் பிரித்து மூட்டைகள் இருக்கும். வாங்க வருகிறவர்கள் ஒரு விரலியை எடுத்துச் சடக்கென்று ஒடித்து, உள்ளே நிறம் எப்படி என்று பார்ப்பார்கள். ஒன்பது மாதம் நிலத்தில் இருந்து, தோண்டி, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்ட சரக்கின் தலைவிதி அந்தச் சடக்கில் இருக்கிறது. ஏலத்தைப் பற்றி எழுதலாம் என்று போன இடத்தில்தான் பெரியவரைச் சந்தித்தேன்.

"இதைவிடப் பெரிய ஏலம் ஒண்ணு இருக்குதுங்க தம்பி, கோவாவிலே" என்றார் அவர், மூட்டை மேல் உட்கார்ந்தபடி. "பங்குனியிலே மஞ்சள் வித்த பணம் மொத்தமும் அங்கேதான் போச்சு. எம் பையன் சிநேகிதக்காரங்களோடே போயிட்டு வந்தான். அதுக்கப்புறம் எம் மூஞ்சியைப் பார்த்துச் சோறு தின்னலீங்க. நானும் ஒண்ணும் கேக்கலே. அந்த எடத்தை ஒரு தடவை எங் கண்ணாலே பாத்துடணும். எனக்குப் பாஷை தெரியாது. நீங்க கூட வருவீங்களா?"

எப்படி மறுப்பது? கிளம்பிவிட்டோம்.

சேலத்திலிருந்து பெங்களூர்; அங்கே யஷ்வந்த்பூரில் வாஸ்கோ ரயில். மட்காவில் இறங்கினால் பணஜிக்குக் கதம்பா பஸ் இருக்கிறது. கோவா ராஜ்யத்தின் தலைநகரம் என்று பெயரே தவிர, 2011 ஜனக்கணக்கில் நகருக்குள் சுமார் 40,000 பேர்தான். கிறிஸ்துமஸ் கூட்டம் வருவதற்கு முந்திய நாட்களாகையால் மாதா கோயில் படிக்கட்டுக்குச் சமீபத்தில் ஒரு சுத்தமான ஜாகை மலிவாகவே கிடைத்தது. ஃபோன்டெய்ன்யாஸ் என்ற பழைய போர்த்துகீசியப் பேட்டையின் மஞ்சள், நீலச் சுவர்களைக் காலாற நடந்து பார்க்கச் செலவே இல்லை. (மஞ்சள் சுவர்களைப் பெரியவர் தடவிப் பார்த்து, "நம்ம விரலி நிறம் வரலே" என்று தள்ளிவிட்டார்.) எல்லாவற்றுக்கும் மேலாக, மாண்டவி நதியைக் கடந்து எதிர்க்கரையிலுள்ள பேதிம் போகும் அரசாங்கப் படகில் கால்நடையாக ஏறுகிறவர்களுக்குக் கட்டணம் கிடையாது. சூதாட்டக் கப்பல்களின் ஜோடனையை அந்தப் படகிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம்.

கப்பலா என்று கேட்பீர்கள். ஆமாம். கோவாவின் சூதாட்டச் சட்டம் 1976-ஆம் வருஷத்தியது. 1992-ல் அதைத் திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திர ஆட்டங்களுக்கு அநுமதி கொடுத்தார்கள். 1996-ல் மறுபடி திருத்தி, கப்பலில் என்றால் மேஜை போட்டுச் சீட்டும் சக்கரமும் ஆடலாம் என்றார்கள். ஆகவே, எங்கும் போகாத கப்பல்கள் நதியில் நங்கூரம் பாய்ச்சி நிற்கின்றன. கரையிலிருந்து சிறு படகில் ஏற்றிக்கொண்டு போய் விடுகிறார்கள். இன்னொரு விசேஷம்: 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்கள் உள்ளே ஆடப் போகக் கூடாது என்று அவர்கள் அரசாங்கமே தடுத்துவிட்டது. நம்மவர்கள் தாராளமாகப் போகலாம்! "தன் வீட்டுப் புள்ளை தின்னக் கூடாத பண்டத்தை விருந்தாளிக்கு வைக்கிறாங்க" என்றார் பெரியவர்.

படகுத்துறைக்குப் போகும் சாலையில், பழைய தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சிலை. அங்கி தரித்த ஒருவர், சாய்ந்து விழும் பெண்ணின் மேல் இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறார். பேய் ஓட்டுகிறாரோ என்று பெரியவர் சந்தேகப்பட்டார். அவர் அபே ஃபரியா. 1756-ல் கோவாவில் பிறந்து, பாரிஸ் நகரில் மனோவசிய வித்தை செய்து புகழ் பெற்ற பாதிரியார். வசியம் செய்கிறவனிடம் ஒரு சக்தியும் இல்லை, வசியப்படுகிறவனின் மனசே எல்லாவற்றையும் செய்துகொள்கிறது என்று சொன்னவர். சூதாட்டக் கப்பல்களுக்கு அத்தனை சமீபத்தில் அவரை நிறுத்தியவர்கள், கப்பல்கள் வரப்போவதை அறிந்திருக்க நியாயமில்லை.

மாலை ஏழு மணிக்கு நுழைவுச்சீட்டு வாங்கினோம். இங்கேதான் சிக்கனத்துக்கு முதல் அடி. ஆளுக்குச் சில ஆயிரம் ரூபாய். சனி, ஞாயிறு என்றால் அதிகம். சாப்பாடு, பானங்கள், ஆடுவதற்குக் கொஞ்சம் கூப்பன் எல்லாம் அதற்குள் அடக்கம். 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இடமில்லை. அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பெரியவரோ எட்டு முழ வேட்டி, தோளில் துண்டு, காலில் தோல் செருப்பு. வாசலிலிருந்த சிப்பந்தி மேலும் கீழும் பார்த்தான், இன்னொருவனைக் கூப்பிட்டான், இருவரும் விதிப் பலகையை ஒரு முறை வாசித்தார்கள். வேட்டியைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. விட்டுவிட்டார்கள்.

உள்ளே ஒரே வெளிச்சம். இரைச்சல், சிரிப்பு, பாட்டு. மதுக் கிண்ணங்கள் தட்டில் மிதந்து வந்தன. 1937-ல் ராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்த அந்தப் பழைய சேலம் ஜில்லாக்காரர் ஆயிற்றே. எலுமிச்சை ரசம் மட்டும் வாங்கிக்கொண்டு ரூலெட் சக்கரத்தின் அருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரம் இமை கொட்டாமல் பார்த்தார். சக்கரத்தில் சிவப்பு 18, கறுப்பு 18, பச்சையாக ஒரு சைபர், ஆக 37 குழிகள். ஒரு தடவை குண்டு சைபரில் விழுந்தது. சிவப்பில் வைத்தவன், கறுப்பில் வைத்தவன், எல்லோருடைய வில்லைகளையும் சிப்பந்திப் பெண் வழித்துச் சேர்த்தாள்.

"அந்தப் பச்சைக் கட்டம் யாருக்குங்க தம்பி?"

"கப்பல்காரனுக்கு" என்றேன். ஒரு எண்ணின் மேல் ஒரு ரூபாய் வைத்து ஜெயித்தால், வைத்த ரூபாயையும் சேர்த்து 36 திரும்ப வரும், குழிகளோ 37. பெரியவர் விரலை மடக்கினார். ராமானுஜனின் குடும்பத்தார் கும்பிட்ட நாமகிரித் தாயார் கோயில் கொண்ட சீமை அல்லவா?

"முப்பத்தேழு மூட்டைக்கு ஒரு மூட்டை. நமக்குக் கூலியும் சேதாரமுமே அதுக்கு மேலே போகுது. ஆனா நான் ஒரு மூட்டையை ஒரு தடவைதானுங்க விக்கறேன். இங்கே அதே மூட்டையைத் திருப்பித் திருப்பி விக்கறாங்களே!"

நானும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஆட்டத்துக்கு 100 ரூபாய், மணிக்கு 40 ஆட்டம், நாலு மணி நேரம் என்றால் 16,000 ரூபாய் மேஜையைக் கடந்து போகிறது. அதில் 37-ல் ஒரு பங்கு, சுமார் 430 ரூபாய், சராசரியாகக் கப்பல்காரன் பெட்டிக்குப் போகும். ஆயிரம் ரூபாயாக வைக்கிறவனுக்கு 4,300. இது போதாதென்று வில்லை வாங்கும் பணத்தின் மேல் ஜி.எஸ்.டி. வேறு, 2023 அக்டோபர் முதல் 28 சதவீதமாக இருந்ததை 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதமாக உயர்த்திவிட்டார்கள்.

கணக்கு முடிந்தது, கிளம்பலாம் என்று எழுந்தேன். "கூப்பனை எதுக்கு வீணடிக்கணும்?" என்று பெரியவர் அதைச் சிவப்பில் வைத்தார். விழுந்தது. மறுபடியும் வைத்தார். விழுந்தது! மேஜையைச் சுற்றி நின்ற யாரோ முன்பின் தெரியாதவர்கள் கை தட்டினார்கள். பெரியவரின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இருபது வயது குறைந்துவிட்டது. அப்புறம் கறுப்பு வந்தது. அப்புறமும் கறுப்பு. அவருடைய கை மடிக்குப் போவதை நான் பார்த்தேன். தடுக்க வேண்டும் என்று தோன்றிற்று, தடுக்கவில்லை. காரணத்தை ஒளிப்பானேன்? என் கையும் அப்போது பர்ஸில்தான் இருந்தது. பெரியவருக்கு இரண்டாயிரம், எனக்கு ஆயிரத்து ஐந்நூறு. பத்து நிமிஷம் ஆகியிருக்குமோ என்னவோ.

"மணி என்னாச்சுங்க?" என்றார் திடீரென்று. சுற்றுமுற்றும் பார்த்தேன். நான் பார்த்த சுவர்களில் ஒன்றிலும் கடிகாரத்தைக் காணோம். கைக்கடிகாரத்தில் பன்னிரண்டே கால். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

கரைக்குத் திரும்பும் படகில் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "கணக்குத் தெரிஞ்சும் கை போச்சே தம்பி. அந்தக் காலத்திலே ராசிபுரம் போறப்பெல்லாம் லாட்டரிச் சீட்டு வாங்குவேன். 2003-ல் கவர்மெண்டு நிறுத்துற வரைக்கும் வாங்கினேன். வீட்டிலே ஒருத்தருக்கும் தெரியாது. பையனுக்கும் தெரியாது."

மறுநாள் காலை அவர் எங்கும் போக விரும்பவில்லை. அந்த இலவசப் படகில் மட்டும் ஒரு தடவை அக்கரைக்குப் போய் வரலாம் என்றார். பகல் வெளிச்சத்தில் கப்பல்களின் வெள்ளைச் சாயம் அங்கங்கே உரிந்திருந்தது தெரிந்தது. மேல்தளத்தில் ஒருவன் குழாய் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்தான். ஆபீசுக்குப் போகிறவர்களும் மீன்காரிகளும் எங்களைச் சுற்றி நின்றார்கள்; கப்பலின் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெரியவர் போனை எடுத்து ஊருக்குப் பேசினார்.

"கண்ணு, நாந்தான். கோவாவிலே இருக்கேன்... ஆமாம், அங்கேதான். ராத்திரி போயிட்டு வந்தேன்... ரெண்டாயிரம்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை போலும், இவரும் பேசாமல் நதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அது கெடக்குது. கொட்டாயிலே இருப்பு வச்ச விரலி இருக்குது பாரு, அதைச் செவ்வாக்கிழமை நீயே ஏலத்துக்கு ஏத்திக்கிட்டுப் போ. பணத்தையும் நீயே வாங்கி வை. நான் வர புதன் ஆயிடும்."

படகு பேதிம் துறையில் இடித்து நின்றது. இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். நாங்கள் இறங்காமல் அப்படியே நின்று, அதே படகில் திரும்பிவிட்டோம்.