கடன் கழுத்தை நெரிக்கும்போது எந்தக் கதவைத் தட்டுவது?

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பிரிக்காத கடிதங்கள் ஏதாவது இருக்கின்றனவா? பேங்கிலிருந்து வந்தவை, லோயர் ஆபீசிலிருந்து வந்தவை, பிரித்துப் பார்த்தால் அன்றைய தூக்கம் போய்விடும் என்று அப்படியே வைத்திருப்பவை? இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான் எழுதப்படுகிறது. இல்லை என்றால் மகிழ்ச்சி. ஆனாலும் படித்து வையுங்கள். உங்கள் தம்பிக்கோ மச்சானுக்கோ ஒரு நாள் உதவலாம்.

முன்பெல்லாம் தோட்டத்தில் கடன் என்றால் அது கடைக்காரர் நோட்டில் இருந்தது. சம்பள நாளன்று அவர் முகத்தைப் பார்த்துப் பாதி கொடுத்து, மீதிக்குத் தவணை சொல்லித் திரும்பலாம். இன்றைய கடனுக்கு முகமே இல்லை. கைத்தொலைபேசியில் நாலு முறை விரலை வைத்தால் பணம் வந்துவிடுகிறது. வந்த வேகத்திலேயே போயும் விடுகிறது. தவணை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்து நிற்கிறது.

மலேசியாவில் கடனில் மூழ்கிய தனி மனிதருக்குச் சட்டப்படி மூன்று வழிகள் இருக்கின்றன. ஏ.கே.பி.கே. எனப்படும் கடன் ஆலோசனை நிறுவனத்தின் திட்டம் ஒன்று. நீதிமன்றத்தின் பாதுகாப்போடு கடன்காரர்களிடம் செய்துகொள்ளும் தன்விருப்ப ஏற்பாடு மற்றொன்று. மூன்றாவது, எல்லாரும் பெயரைக் கேட்டாலே நடுங்கும் திவால். எது நல்லது, எது கெட்டது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: இவை எந்நாளும் திறந்து கிடக்கும் வழிகள் அல்ல. நாள் தள்ளத் தள்ள முதல் இரண்டும் சாத்திக்கொள்ளும். திவால் ஆணை வந்தபின் ஏ.கே.பி.கே. திட்டத்தில் சேரவும் முடியாது, தன்விருப்ப ஏற்பாடு கேட்கவும் முடியாது.

முதலில் கணக்கு

எந்த வழி என்று கேட்பதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, கணவன் மனைவி இருவருமாக உட்காருங்கள். (ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் போடும் கணக்கில் எப்போதும் ஒரு கடன் விடுபட்டுப் போகும்.) உதாரணத்துக்குக் கிள்ளானில் ஒரு தொழிற்சாலைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் சம்பளம் 3,400 வெள்ளி. வாடகை 800, கார் தவணை 520, சாப்பாடு, கரண்டு, தண்ணீர் எல்லாம் சேர்த்து 1,000, பிள்ளைகளின் பள்ளி பஸ் முதலிய செலவுகள் 280. ஆக 2,600 போய், மிஞ்சுவது 800.

இனி கடனைப் பார்ப்போம். கிரெடிட் கார்டுகளில் மொத்தம் 18,000 வெள்ளி நிற்கிறது. குறைந்தபட்சம் 5 விழுக்காடு கட்ட வேண்டும் என்றால் அதுவே 900 வெள்ளி. தனிநபர் கடனில் இன்னும் 21,000 பாக்கி, தவணை 450. கட்ட வேண்டியது 1,350. கையில் இருப்பதோ 800. மாதம் 550 வெள்ளி துண்டு விழுகிறது. அந்த 550 எங்கிருந்து வருகிறது? இன்னொரு கார்டிலிருந்து வருகிறது. அதுவும் தீர்ந்ததும், தொலைபேசி எண் எழுதித் தெருக்கம்பத்தில் கட்டியிருக்கும் அட்டையிலிருந்து வருகிறது. பிறகு நடப்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இந்தக் குடும்பத்தின் கதை முடிந்துவிட்டதா என்றால், இல்லை. மொத்தக் கடன் 39,000. மாதம் மிஞ்சுவது 800. வட்டியே இல்லை என்று வைத்து 750 வெள்ளி வீதம் கட்டினால் 52 மாதத்தில் தீரும். வட்டியோடு இன்னும் நீளும், ஆனால் தீரும். இப்படிப்பட்டவர்களுக்காக ஏற்பட்டதுதான் ஏ.கே.பி.கே.

பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டு தொடங்கிய நிறுவனம் இது. ஆலோசனைக்குக் காசு இல்லை. திட்டத்தில் சேர்வதற்கும் இல்லை. அங்குள்ள ஆலோசகர் உங்கள் வரவு செலவைப் பார்த்து, வங்கிகளிடம் பேசி, உங்களால் தாங்கக்கூடிய தவணையாக மாற்றி அமைக்க முயல்வார். அதைக் கடன் நிர்வாகத் திட்டம் என்கிறார்கள். இது கடனைத் தள்ளுபடி செய்யும் இடம் அல்ல; பட்டதைக் கட்டத்தான் வேண்டும். திட்டத்தில் இருக்கும்வரை புதுக்கடன் கிடையாது, கார்டையும் விட்டுவிட வேண்டும். பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டிலும் அது தெரியும். பதிவேட்டில் தெரிந்துவிடுமே என்று தயங்குகிறவர்களை ஒன்று கேட்கிறேன்: மூன்று மாதத் தவணை தவறியதும் அதே பதிவேட்டில்தானே தெரிகிறது?

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. செலவு போகக் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டும். மேலே சொன்ன குடும்பத்தின் 800 போல் ஒரு தொகை இருந்தால்தான் ஆலோசகரால் தவணை போட முடியும். வேலை போன பிறகு, மிச்சமே இல்லாத நிலையில் போய் நிற்பவருக்கு அவரால் செய்யக்கூடியது குறைவு. அதனால்தான் சீக்கிரம் போங்கள் என்கிறேன். அடுத்தது, அந்தத் திட்டம் பேங்க் நெகாரா மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களின் கடனுக்காக ஏற்பட்டது. ஆலோங்கின் கடனும், பெரியம்மாவிடம் கைமாற்றாக வாங்கியதும், கூட்டு கட்டி எடுத்த பணமும் அதில் சேரா. (கூட்டு நடத்துவதையே இந்நாட்டில் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.)

"உங்கள் கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆலோசனைக்கு நடுவில் ஓர் ஆள் எதற்கு?

கடன்காரர்களைக் கூட்டிப் பேசுவது

இரண்டாவது வழி பலருக்குத் தெரியாது. 1967ஆம் ஆண்டின் திவால் சட்டம் 2017 அக்டோபரில் திருத்தம் பெற்று, இன்சால்வன்சி சட்டம் என்று பெயர் மாறியபோது வந்தது இது. திவால் ஆணை வருவதற்கு முன்பே நீங்கள் நீதிமன்றம் போய் இடைக்கால ஆணை கேட்கலாம். அது 90 நாள் நிற்கும். அந்த நாள்களில் உங்கள்மேல் திவால் மனு போட முடியாது. அதற்குள், நாமினி எனப்படும் ஓர் இடையாள், அதாவது கணக்காளரோ வழக்கறிஞரோ, உங்கள் திட்டத்தைக் கடன்காரர்களின் கூட்டத்தில் வைப்பார். வந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மையோர் ஒப்ப வேண்டும். அவர்களுக்குரிய கடனும் மொத்தத்தில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். அப்படி ஒப்பினால் வேண்டாம் என்றவர்களும் கட்டுப்படுவார்கள். வீட்டை அடமானமாகப் பிடித்திருக்கும் வங்கியின் உரிமையை மட்டும் அதன் சம்மதம் இல்லாமல் தொட முடியாது.

மாதச் சம்பளக்காரருக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது; நாமினிக்குக் கட்டணம் வேறு கொடுக்க வேண்டும். சிறு வியாபாரம் செய்து நொடித்தவர், சாமான் கொடுத்த மொத்த வியாபாரிக்கும் உரிமம் பெற்ற வட்டிக்கடைக்கும் வங்கிக்கும் ஒரே நேரத்தில் கடன்பட்டவர், அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரு மொத்தத் தொகை தர முன்வந்திருப்பவர் ஆகியோருக்குப் பொருந்தும். சொன்னபடி கட்டத் தவறினால் திவால் மனு பின்னாலேயே வரும்.

திவால் என்றால்

இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மக்கள் குடும்ப மானமே போனதாக எண்ணுகிறார்கள். மானத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுச் சட்டத்தைப் பார்ப்போம்.

2021 செப்டம்பர் முதல், 100,000 வெள்ளிக்குக் குறைந்த கடனுக்காகக் கடன்காரர் உங்கள்மேல் திவால் மனு போட முடியாது. 2017 வரை அந்த வரம்பு 30,000. பிறகு 50,000 ஆயிற்று. நம் கிள்ளான் குடும்பத்தின் 39,000 இந்த வரம்புக்கு வெகு கீழே. ஆனால் இரண்டு மூன்று கடன்காரர்கள் ஒன்று சேர்ந்தும் மனு போடலாம். வட்டி ஏறி ஏறி வரம்பைத் தொடவும் செய்யும். மேலும், திவாலாக்க முடியாது என்பதற்காக வழக்கே போட முடியாது என்று எண்ணிவிடாதீர்கள். தீர்ப்பு வாங்கி வீட்டுச் சாமானை ஜப்தி செய்யலாம். ஆகவே நீதிமன்றக் கடிதம் வந்தால், குறித்த தேதிக்குப் போய் நில்லுங்கள். திவால் நோட்டீஸ் கைக்கு வந்தால் உங்களுக்கு இருப்பது ஏழு நாள்தான்.

ஆணை வந்தபின் என்ன ஆகும்? உங்கள் சொத்து இன்சால்வன்சி இலாகாவின் தலைமை இயக்குநர் பொறுப்பில் போகும். கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. அனுமதியின்றிச் சொந்த வியாபாரம் நடத்த முடியாது. கூலி வேலைக்கோ மாதச் சம்பள வேலைக்கோ போகத் தடையில்லை. சம்பளத்தில் ஒரு பகுதியைக் கடனுக்குக் கட்ட வேண்டும். அனுமதியின்றி நாட்டை விட்டு வெளியே போக முடியாது.

இந்தக் கடைசி விஷயத்தை ஜொகூர் வாசகர்கள் இரண்டு முறை படியுங்கள். விடியற்காலை மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவருக்குத் திவால் என்பது வெறும் காகிதம் அல்ல. குடிநுழைவுச் சாவடியில் நிறுத்தினால் அன்றே சம்பளம் நின்றது. அப்படிப்பட்டவர் ஏ.கே.பி.கே. தவணை கொஞ்சம் கடினமாக இருந்தாலும் அதையே பற்றிக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். மாறாக, உடல்நலம் கெட்டு, வேலையும் போய், சொத்தும் இல்லாமல் இரண்டு லட்சம் கடனோடு நிற்பவருக்குத் திவால்தான் மூச்சுவிட இடம் தரும். கடன்காரர் ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பது நின்று எல்லாம் ஒரே அலுவலகத்துக்கு வந்துவிடும். அவரே மனுச் செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

விடுதலை எப்போது? தானாகவே விடுபடுவதற்கு மூன்று ஆண்டு என்று சட்டம் சொல்கிறது. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். அந்த மூன்று ஆண்டு, ஆணை வந்த நாளிலிருந்து ஓடுவதில்லை. உங்கள் சொத்து, கடன், வரவு செலவு எல்லாவற்றையும் எழுதி இலாகாவிடம் விவரப் பத்திரம் கொடுக்கிறீர்களே, அந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டி, இலாகா கேட்பதைச் செய்து வர வேண்டும். ஆணை வந்ததும் வீடு மாறி, தொலைபேசி எண் மாற்றி, ஒளிந்து வாழ்பவருக்குக் கடிகாரம் நகர்வதே இல்லை. பத்து ஆண்டு ஒளிந்தாலும் மூன்று ஆண்டு முழுதாகப் பாக்கி.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். சேமநிதிப் பணத்தை, அதாவது ஈ.பி.எப். பணத்தை, அது கணக்கில் இருக்கும்வரை கடன்காரர் தொட முடியாது, திவாலானாலும் அப்படியே. 2024 மே மாதம் முதல் சேமநிதியில் மூன்றாவது கணக்கிலிருந்து நினைத்தபோது எடுக்கலாம் என்று வந்திருப்பதால், கார்டுக் கடனுக்காக அதைத் துடைத்து எடுப்பவர்கள் உண்டு. சட்டம் காப்பாற்றி வைத்திருக்கும் பணத்தை வெளியே எடுத்துக் கடன்காரரிடம் கொடுக்குமுன் ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மற்றது ஜாமீன் கையெழுத்து. "சும்மா ஒரு கையெழுத்துதானே மாமா" என்று கேட்டுப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் தோட்டப்புறத்தில் எத்தனை பேர்! சொந்தக்காரரின் படிப்புக் கடன், சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடன், வியாபாரத்துக்கு அல்லாத கார் தவணை ஆகியவற்றுக்கு லாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரை, 2017 திருத்தத்துக்குப் பிறகு திவாலாக்க முடியாது. ஆனால் வியாபாரக் கடனுக்கு நின்ற ஜாமீனுக்கு இந்தக் கவசம் இல்லை. முதலில் கடன் வாங்கியவரிடம் எல்லா வழியும் பார்த்துவிட்டு, நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் ஜாமீன்தாரர்மேல் திவால் நடவடிக்கைக்கு வர வேண்டும் என்ற அளவுக்கே பாதுகாப்பு.

சிங்கப்பூர் வாசகர்களுக்குச் சட்டம் வேறு. அங்கே 2009 முதல் கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. கடன் 150,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்படாமல், நிலையான வருமானமும் இருந்தால், திவால் மனு வந்தபின்னும் நீதிமன்றம் உங்களை அந்தத் திட்டத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். ஐந்து ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். அங்கே திவால் வரம்பு 15,000 வெள்ளிதான் என்பதால் நோட்டீஸ் இங்கேயைவிடச் சீக்கிரம் வரும். அதற்கு முன்பே போய்க் கேட்க, கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பு உள்ளது.

ஆலோங்கிடம் வாங்கியவர்களுக்கு மேலே சொன்ன எந்தத் திட்டமும் கை கொடுக்காது. ஆனால் உரிமமில்லாமல் வட்டிக்கு விட்டவரின் ஒப்பந்தத்தை மலேசிய நீதிமன்றத்தில் நிறைவேற்ற முடியாது என்று வட்டிக்கடைச் சட்டம் சொல்கிறது. உரிமம் பெற்ற வட்டிக்கடைகூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. அடமானம் இருந்தால் 12. வாசல் கதவில் சாயம் ஊற்றினாலோ, பிள்ளைகளின் பெயரைச் சொல்லி மிரட்டினாலோ, அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு அன்றைக்கே போலீசில் புகார் கொடுங்கள். புகாரின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாள் மற்றக் கடன்களின் கணக்கோடு ஏ.கே.பி.கே. அலுவலகத்துக்குப் போங்கள், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, எல்லாக் கடன்களின் கடைசி அறிக்கை ஆகியவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.