பிக்கப் வண்டியின் பின்பிரேக்

சரக்கேற்றும் பிக்கப் வண்டிகள் பலவற்றின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக். வார்ப்பிரும்பு டிரம் சக்கரத்தோடு சுழலும். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் வீல் சிலிண்டரிலுள்ள பிஸ்டன்களைத் தள்ள, லைனிங் ஒட்டிய இரண்டு ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்புறத்தில் உராயும். படியும் துருவைத் துடைப்பதும் இந்த உராய்வுதான். ஆனால் பிரேக் பிடிக்கையில் வண்டியின் எடை முன்பக்கம் சாய்வதால், பெரும்பங்கு வேலை முன்சக்கரங்களுக்கே போய்விடுகிறது. பாரமில்லாத வண்டியின் பின்சக்கரம் சறுக்காமலிருக்க, பல பிக்கப்களில் ஒரு வால்வு பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கவும் செய்கிறது. வெறும் வண்டியாகவே ஓடும் பிக்கப்பின் பின்பிரேக் இப்படிச் சும்மா கிடந்தே துருப்பிடிக்கிறது. மீன் பெட்டிகளிலிருந்து வடியும் உப்புநீரும், குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பும் அதை விரைவுபடுத்தும்.

காலையில் முதல் சில மிதிகளுக்கு மட்டும் கரகரத்து அடங்கினால் அது மேல்துரு, கவலை வேண்டாம். சத்தம் நீடித்தாலோ, ஹேண்ட் பிரேக்கை விட்ட பிறகும் வண்டி இழுத்தாலோ டிரம்மைக் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும். எந்தப் பக்கம் கோளாறு என்பதைச் சூடு காட்டிக்கொடுக்கும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, டிரம்மைத் தொடாமல் கையை அருகே கொண்டுபோனால் போதும். ஒன்று மட்டும் தகித்தால் அங்கே ஷூ விடுபடவில்லை. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் பிஸ்டன் இறுகியிருக்கலாம்.

கழற்றுமுன் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஜாக்கியில் மட்டும் நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும். டிரம் வராவிட்டால் பலரும் சுத்தியலைத்தான் தேடுகிறார்கள். பல டிரம்களில் மரையிட்ட இரு துளைகள் உண்டு. அவற்றில் போல்ட்டை மாறிமாறி முடுக்கினால் டிரம் தானே வெளியே வரும். விளிம்பில் ஷூ மாட்டிக்கொண்டால் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். உள்ளிருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைப்பதே சரி.

வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கும்போது ஈரம் தெரிந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். ஷூவுக்கும் லைனிங்குக்கும் இடையே துரு ஊறிப் பருத்து லைனிங்கைப் பெயர்த்திருந்தால், தடிமன் மிச்சமிருந்தாலும் அந்த ஷூ உதவாது. டிரம்மைக் கடையலாம், அதிலேயே பொறித்திருக்கும் உச்ச விட்டத்தைத் தாண்டக்கூடாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரித்தால், ஸ்பிரிங்குகள் மாட்டும் விதம் மறந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். ஷூக்களை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

உறைக்குள் துருவேறி இறுகிய ஹேண்ட் பிரேக் கேபிளுக்கு எண்ணெய் விட்டால் சில நாள் ஓடும். புதிது போடுவதுதான் வழி. மழைக்காலத்தில் வண்டியை நாள்கணக்கில் நிறுத்துவதானால், ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள்.