சுங்காய் கற்பதுக்கைகளைக் கட்டியது யார்?

மலேசியாவின் ஈப்போவிலிருந்து தெற்கே பீடோர், சுங்காய், சிலிம் ரிவர் என்று போகும் வழியில் முன்பு ரப்பர் மரங்கள் நின்றன. இப்போது பெரும்பாலும் செம்பனை. அந்த மலையடிவார மண்ணில்தான் பேராக் மாநிலத்தின் கற்பதுக்கைகள் கிடைத்தன. கருங்கல் பலகைகளை நிறுத்தி நாற்புறமும் அடைத்து, மேலே மூடுகல் போட்ட நீளக் குழிகள் அவை. தைப்பிங்கில் இருக்கும் பேராக் அரும்பொருளகத்தைச் சேர்ந்த ஐவர் எவன்ஸ் 1928இல் இவற்றைப் பற்றி எழுதினார். 1930களில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் காலிங்ஸும் தென் பேராக்கில் ஆராய்ந்தார். இவை கி.பி. முதல் ஆயிரமாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை என்பது பொதுவான கணிப்பு.

உள்ளே இருந்தவை உடைந்த மட்பாண்டங்கள், கண்ணாடி மணிகள், செந்நிறச் சூதுபவள மணிகள், இரும்புக் கருவிகள். புதைக்கப்பட்டவரின் எலும்பு மட்டும் இல்லை. ஓயாத மழையில் ஊறிய அமில மண் அதைத் தின்றுவிட்டது. அதே பேராக்கின் லெங்கோங்கில் 1991இல் கிடைத்த 'பேராக் மனிதன்' ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையானவன். ஆனாலும் அவன் எலும்புக்கூடு அழியவில்லை, காரணம் அவன் கிடந்தது சுண்ணாம்புக்கல் குகை.

இரும்புக் கருவிகளின் கதை சுவையானது. காம்பு செருகத் துளையிட்ட இந்த விநோதக் கோடரிகளையும் அரிவாள்களையும் மண்ணில் கண்டெடுத்த மலாய்க் கிராமத்தார் 'துலாங் மாவாஸ்' என்றார்கள். முன்கையில் எலும்புக்குப் பதில் இரும்பு கொண்ட காட்டு விலங்கு ஒன்று உண்டாம், அதன் எலும்பாம்!

நம்மவர்க்கு இங்கே ஓர் ஆசை எழும். பழனி மலையிலும் நீலகிரியிலும் இப்படிக் கல்லடுக்கிய ஈமச்சின்னங்கள் உண்டு. ஈரோடு மாவட்டக் கொடுமணலில் ஒரே ஈமக்குழியில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. அப்படியானால் சுங்காயில் கட்டியதும் தமிழர்தானே? அவசரப்பட வேண்டாம். மணி கைமாறிக் கடல் கடக்கும், அதைக் கழுத்தில் போட்டவர் கடந்திருக்க வேண்டியதில்லை. இந்திய முறையில் சூதுபவளம் அறுத்த பட்டறைகள் தென் தாய்லாந்தின் காவ் சாம் கேயோவிலேயே இருந்தன. துளையிட்ட அந்தக் கருவிகளோ மலாய்த் தீபகற்பத்துக்கே உரிய வடிவம். கல்லை நிறுத்திப் பெட்டியாக்கும் யோசனை உலகில் பல நாட்டாருக்குத் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

உள்ளூர்த் தலைவர்கள் ஈயமும் காட்டுப்பொருளும் கொடுத்து மணிகளை வாங்கியிருக்கலாம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெர்ணாம் ஆறு மலையடிவாரத்திலிருந்து மலாக்கா நீரிணைக்கே போய்ச் சேர்கிறது. சரக்கு இறங்க அந்த ஒரு வழி போதும்.