தோசைக்கல்லில் துள்ளி ஓடும் தண்ணீர்... 'ஸ்மோக் பிஸ்கட்' ஆபத்து... இரண்டுக்கும் என்ன தொடர்பு?

தோசை ஊற்றுவதற்கு முன் கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க, கொஞ்சம் தண்ணீர் தெளிப்பது வழக்கம். மிதமான சூட்டில் 'சுர்ர்' என்ற சத்தத்தோடு தண்ணீர் உடனே ஆவியாகிவிடும். ஆனால் கல் அளவுக்கு மீறி காய்ந்திருந்தால், அதே தண்ணீர் முத்து முத்தாக உருண்டு, கல் முழுக்க ஓடி விளையாடும். சூடு அதிகமானால் தண்ணீர் சீக்கிரம் வற்றத்தானே வேண்டும்? ஏன் அதிக நேரம் தாக்குப்பிடிக்கிறது?

காப்பாற்றுவது ஆவிதான்

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். கல் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் இருந்தால், துளி நேரடியாகக் கல்லில் ஒட்டி, குமிழி விட்டுக் கொதித்து, சில நொடிகளில் காலியாகிவிடும்.

சுமார் 200 டிகிரியைத் தாண்டும்போது கதை மாறுகிறது. துளியின் அடிப்பகுதி கல்லைத் தொட்ட கணமே ஆவியாகி, ஒரு மெல்லிய படலமாக மாறுகிறது. மீதித் துளி அந்தப் படலத்தின் மேல் மிதக்கிறது. தண்ணீரோடு ஒப்பிட்டால் நீராவி வெப்பத்தைக் கடத்தும் திறன் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால் கல்லின் சூடு துளிக்கு மெதுவாகவே போய்ச் சேருகிறது. கல்லோடு உரசல் இல்லாததால் துளி வழுக்கிக்கொண்டும் ஓடுகிறது.

இதற்குப் பெயர் 'லைடன்ஃப்ராஸ்ட் விளைவு'. ஜெர்மனி மருத்துவர் யோஹான் காட்லாப் லைடன்ஃப்ராஸ்ட், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் தண்ணீர்த் துளிகளை விட்டுப் பார்த்து, 1756-ல் இதை விரிவாக எழுதினார். எந்த வெப்பநிலையில் இது தொடங்கும் என்பது பரப்பின் வழவழப்பு, திரவத்தின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்து மாறும்.

அணு உலையில் இதே படலம் வில்லன்

சமையலறையில் வேடிக்கையாகத் தெரியும் இந்தப் படலம், அணு உலையில் பெரிய தலைவலி. எரிபொருள் கம்பிகளைச் சுற்றி ஆவிப் படலம் உருவானால், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் கம்பியின் சூடு வெளியேறாது. கம்பி மேலும் மேலும் சூடாகிச் சேதமடையலாம். அந்த நிலை வராதபடிதான் உலைகள் வடிவமைக்கப்பட்டு இயக்கப்படுகின்றன.

கையில் சுடாதது, வாயில் ஏன் சுடுகிறது?

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு 37 டிகிரி உள்ள நம் உடம்பே காய்ந்த தோசைக்கல் மாதிரிதான்! அதனால்தான் சில துளிகள் கையில் பட்டாலும் ஆவிப் படலத்தில் வழுக்கி உருண்டுவிடும். இதைப் பார்த்துத்தான் 'ஒண்ணும் ஆகாது' என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு ஒரு நொடிக்குத்தான். திரவம் உருண்டு ஓட இடம் இருந்தால் மட்டுமே அது வேலை செய்யும். பிஸ்கட்டின் துளைகளில் ஊறிய நைட்ரஜனை வாயில் போட்டுக் கடித்தால், அது ஓட வழியில்லை. உறைகுளிரில் இருக்கும் பிஸ்கட்டும் நேராக நாக்கில் அழுந்துகிறது. திசுக்கள் உறைந்து புண்ணாகின்றன. துணியில் ஊறி உடம்போடு ஒட்டினாலும் இதே கதிதான்.

விழுங்கிவிட்டால் இன்னும் மோசம். திரவ நைட்ரஜன் வாயுவாக மாறும்போது சுமார் 700 மடங்கு விரிவடையும். அந்த அழுத்தத்தில் வயிற்றில் ஓட்டை விழக்கூட வாய்ப்பு உண்டு.

2024 ஏப்ரலில் கர்நாடகாவின் தாவணகெரேயில் ஸ்மோக் பிஸ்கட் சாப்பிட்ட சிறுவன் வலியால் துடித்த வீடியோ வைரலானது. அதைத் தொடர்ந்து, திரவ நைட்ரஜன் பயன்படுத்தி உணவு விற்பவர்களைத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை எச்சரித்தது.

கவனிக்க வேண்டியவை

* புகை வந்துகொண்டிருக்கும் பிஸ்கட், ஐஸ்கிரீம், பானம் எதையும் சாப்பிடக் கூடாது. குழந்தைகள் கேட்டாலும் வாங்கித் தர வேண்டாம்.
* தோலில் பட்டு வெளுத்துப்போனால் தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.
* விழுங்கிவிட்டால், வலி வரும் வரை காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

அப்படியே தோசைக்கும் ஒரு டிப்ஸ்: தெளித்த தண்ணீர் முத்தாக ஓடினால் அடுப்பைக் குறையுங்கள். அந்தச் சூட்டில் மாவு ஊற்றினால், பரவாமல் கரண்டியோடு சேர்ந்து வந்துவிடும்.