வெந்நீரும் உடலசைவும்

திருகோணமலைப் பட்டினத்துக்கு வடமேற்கே கன்னியா வெந்நீரூற்றுகள் உள்ளன. அருகருகே ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் வெம்மை ஒவ்வொரு விதம். தாயின் அந்திமக் கிரியைக்காக இராவணன் இவற்றைத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம். ஆழத்துக்கு இறங்கிய மழைநீரே பாறைச் சூட்டைப் பெற்று மேலெழுகின்றது என்பர் நிலவியலார்.

மூட்டுநோவும் இடுப்புநோவும் உடையோர் இந்நீரை அள்ளி வார்த்துச் சுகங் கண்டதாகக் கூறுவர். அதில் வியப்பில்லை. இளஞ்சூடு இறுகிய தசையை நெகிழ்த்திக் குருதியோட்டத்தைப் பெருக்குகின்றது. ஆனால் அச்சுகம் நெடுநேரம் நிற்பதில்லை.

துறைமுகத்திலே மூட்டை சுமந்தும், கடலிலே வலையிழுத்தும் முதுகு நொந்தவன், ஓய்வே மருந்தென்று நாட்கணக்கிற் பாயிற் கிடப்பதுதான் பெருந்தீங்கு. அசையாத தசை மெலியும்; மெலிந்த தசை முதுகெலும்பை நன்கு தாங்காது; நோவு வளரும். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டி, நாட்பட்ட இடுப்புநோவுக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது; பலர் விரும்பி வாங்கும் இடுப்புப்பட்டியை விலக்கியது.

ஆகவே வெந்நீர் வாயில் மட்டுமே. தசை நெகிழ்ந்திருக்கும் அவ்வேளையில் மல்லாந்து படுத்து முழங்காலை மெல்ல மார்போடணைத்தல், பின்னர் நாள்தோறும் சிறிது சிறிதாக நடையைக் கூட்டுதல் முதலியவற்றை இயன்மருத்துவர் கற்பிப்பர். கால் மரத்துப்போதலோ, சிறுநீரை அடக்க இயலாமையோ தோன்றினால், கன்னியாவுக்கன்று, வைத்தியசாலைக்கே உடனே செல்லல் வேண்டும்.