டிரான்ஸ் தாளத்துக்குள் வயலின் கூட்டம்: மடிக்கணினியில் சிம்பொனி ஓசை சேர்ப்பவர்கள் கவனிக்க

தங்காக் – எங்கள் ஊர் என்றாலே துணிக்கடைகள்தாம் பலருக்கும் நினைவுக்கு வரும். தீபாவளி நெருங்கினால் மூவார், சிகாமட் பக்கத்திலிருந்தும் துணி எடுக்க வருவார்கள். அப்படிப்பட்ட ஊரில், நான் குடியிருக்கும் தாமானில், 19 வயதுத் தம்பி ஒருவர் இரவு நேரத்தில் மடிக்கணினியில் டிரான்ஸ் இசை செய்துகொண்டிருக்கிறார். சில மாதங்களுக்கு முன் முகம் வாடிப்போய் வந்து, "அக்கா, என் பாட்ட தூக்கிட்டாங்க" என்றார். பழைய தமிழ்ப் படப்பாடல் ஒன்றின் வயலின் பகுதியை வெட்டியெடுத்துத் தன் தாளத்தின்மேல் ஒட்டி இணையத்தில் ஏற்றியிருந்தார். இரண்டே நாளில் அது நீக்கப்பட்டுவிட்டது.

"அப்படின்னா வயலினுக்கு நான் எங்க போறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இப்படி வீட்டிலிருந்தே இசை செய்யும் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் விடையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பேச்சில் 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றால் திருமண விருந்தில் கீபோர்டும் டிரம்மும் வைத்துத் திரைப்பாடல் பாடும் குழு. இங்கே சொல்வது அதுவன்று. வயலின், வியோலா, செல்லோ, குழல்கள், கொம்புகள், பெருமுரசு என எண்பது, தொண்ணூறு பேர் சேர்ந்து வாசிக்கும் சிம்பொனி இசைக்குழு. பழந்தமிழில் பல்லியம் என்ற அழகான சொல் இருக்கிறது. படித்த படிப்பு விடவில்லை, சொல்லிவிட்டேன்.

டிரான்ஸ் 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வளர்ந்த நடன இசை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 130 முதல் 140 அடிகள்; ஒவ்வோர் அடியிலும் 'கிக்' எனப்படும் கனத்த முரசொலி. அந்தக் கிக் பாட்டின் நடுவே திடீரென நின்றுவிடும். மெல்லிசை மட்டும் மிதக்கும். பிறகு படிப்படியாக ஏறி, அடி மீண்டும் இறங்கும். கூட்டம் துள்ளுவது அந்த இடத்தில்தான். சிம்பொனி ஓசைக்கு உண்மையான இருக்கை கிக் இல்லாத அந்த இடைவெளியே.

இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு 'அடாஜியோ ஃபார் ஸ்டிரிங்ஸ்'. அமெரிக்கர் சாமுவேல் பார்பர் 1936இல் நால்வர் வாசிக்க எழுதிய படைப்பின் ஒரு பகுதி அது. நரம்பிசைக் கருவிகளின் முழுக் குழுவுக்காக விரித்து எழுதப்பட்டு, 1938இல் டோஸ்கானினி நடத்த வானொலியில் ஒலித்தது. மிக மெதுவான, துயரமான இசை. 1999இல் வில்லியம் ஆர்பிட் மின்னிசையில் செய்த வடிவத்தை ஃபெர்ரி கோர்ஸ்டன் டிரான்ஸாக மாற்றினார். பின்னர் டியஸ்டோ தம் வடிவத்தை 2004இல் 'ஜஸ்ட் பீ' தொகுப்பில் வெளியிட்டார். துயர இசைக்கு மக்கள் கைதூக்கி ஆடினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் நம் பறையிசையை நினைத்துப் பார்த்தால் அவ்வளவு வியப்பதற்கில்லை.

இனி, எண்பது பேர் இல்லாமல் அந்த ஓசை எப்படிக் கிடைக்கிறது? ஒவ்வொரு கருவியின் ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, வேகமாக, வருடி, வெட்டி என்று பல விதங்களில் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து வைக்கிறார்கள். இத்தொகுப்புகளைத்தான் 'சாம்பிள் லைப்ரரி' என்கிறோம். நாம் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கும். ஆயிரக்கணக்கான ரிங்கிட் விலையுள்ளவை உண்டு. 'ஸ்பிட்ஃபயர் லேப்ஸ்' போல இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. தொடங்குபவருக்கு இலவசமே போதும். திருட்டுப் பிரதி வேண்டாம்.

தம்பி அப்படி ஒன்றை இறக்கிக்கொண்டார். ஆனாலும் பாட்டு சேறாகக் கலங்கியது. காரணம் இரண்டு.

ஒன்று காலம். 138 அடி வேகத்தில் ஓர் அடிக்கு 0.43 வினாடி. அதில் கால் பங்கு 0.11 வினாடிதான். இழுத்து வாசிக்கும் வயலின் பதிவு முழு ஒலியை எட்டுவதற்கே அதைவிட அதிக நேரம் பிடிக்கலாம். அதனால் சுரம் எப்போதும் தாளத்துக்குப் பின்னால் தள்ளாடி வரும். தமிழ் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்திருப்போம். குறில் வர வேண்டிய இடத்தில் அளபெடையை வைத்தால் ஓசை கெடும் அல்லவா, அதே கதைதான். வேகமான வரிகளுக்கு 'ஸ்டக்காட்டோ', 'ஸ்பிக்காட்டோ' எனும் வெட்டு வாசிப்புப் பதிவுகளையே எடுக்க வேண்டும். இழுவைப் பதிவுகளைக் கிக் நிற்கும் இடத்துக்கு ஒதுக்கலாம். அங்கும் மென்பொருளில் அந்த வரியைச் சற்று முன்னுக்கு நகர்த்தி வைத்தால் தாளத்தில் விழும்.

மற்றொன்று இடம். கிக்கின் கனம் பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. டபுள் பாஸின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ், செல்லோவின் அடிச்சுரம் 65 ஹெர்ட்ஸ். மூன்றும் ஒரே அறையில் முட்டிக்கொள்கின்றன. வயலினோ 196 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. ஆகவே கிக் ஒலிக்கும் பகுதியில் நரம்பிசை வரியின் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிடலாம். கிக் நின்றதும் திரும்பத் திறந்துவிடலாம். திறக்கும்போது பாட்டு திடீரென்று அகலமாவது போலத் தோன்றும். ஒவ்வோர் அடிக்கும் வயலின் ஒலி தானே தாழ்ந்து எழும்படி அமைக்கும் 'சைட்செயின்' முறையும் உதவும்.

எதிரொலியிலும் கவனம் வேண்டும். பல தொகுப்புகள் பெரிய கூடத்தில் பதிவானவை. இரண்டு வினாடி எதிரொலி என்றால் இந்த வேகத்தில் நான்கு அடிகளுக்கும் மேல். பழைய சுரக்கூட்டு சாகாமல் புதியதன்மேல் படியும். தம்பியோ அதற்கு மேலும் எதிரொலி சேர்த்திருந்தார்!

இயந்திரத்தனம் போக வேண்டுமானால் ஒரே அளவில் அழுத்திக்கொண்டிருக்கக் கூடாது. கீபோர்டின் இடப்பக்கச் சக்கரத்தை மெல்ல ஏற்றி இறக்கினால் வில் அழுந்தித் தளர்வது போல ஒலி மூச்சு விடும். ஆனால் கமகம் வேண்டுமென்றால் இத்தொகுப்புகள் பெரும்பாலும் கைவிட்டுவிடும். அவை மேற்கத்திய வாசிப்புக்காகப் பதிவானவை. அதற்குக் கர்நாடக வயலின் கற்ற ஒருவரை அழைத்து ஒரு வரி வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, பின்னணிக்கு மட்டும் தொகுப்பை வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

இந்தக் கலப்பு தமிழ்க் காதுக்குப் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதர் கிழக்கிந்திய கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு நோட்டுசுர சாகித்தியங்கள் எழுதினார். அவருடைய தம்பி பாலுசுவாமி வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்தில் கணினி இசையைக் கையாண்ட இளையராஜா, அதே ஆண்டு 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் தியாகராஜரையும் பாக்கையும் சந்திக்க வைத்தார். அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8இல் இலண்டனில் அரங்கேறியது.

அவர் பாட்டையே வெட்டி ஒட்டலாமா என்றால், கூடாது. 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தில் 'குணா' பாடல் ஒலித்ததற்கு 2024இல் அவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதை மறந்திருக்க மாட்டோம். இந்நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இயற்றியவர் மறைந்து 50 ஆண்டுகள் வரை மெட்டுக்கு உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. பார்பர் 1981இல் மறைந்தவர், ஆக 2031 முடியும்வரை அவர் மெட்டும் காப்பில்தான். பீத்தோவன், தியாகராஜர், தீட்சிதர் மெட்டுகளை யாரும் எடுக்கலாம். ஆனால் அவற்றை இன்னொருவர் வாசித்த பதிவை எடுக்கக் கூடாது, நாமே வாசிக்க வேண்டும்.

தம்பி இப்போது நோட்டுசுர மெட்டு ஒன்றை எடுத்திருக்கிறார். கிக் நிற்கும் இடத்தில் செல்லோ முதலில், பிறகு வயலின். போன வாரம் எனக்குப் போட்டுக் காட்டினார். செல்லோ இன்னும் கொஞ்சம் சத்தம் அதிகம் என்றேன். "ஹெட்போன்ல கேளுங்கக்கா, அப்ப சரியா இருக்கும்" என்றார். கேட்டேன், அப்போதும் அதிகம்தான். மாற்றிக்கொண்டிருக்கிறார்.