அறுவைக்கு முன் ஓர் உணவுக் குறிப்பேடு

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் ‘என்ன உண்கிறீர்?’ என வினவினால், ‘கேழ்வரகுக் களியும் பருப்பும்’ என்று பலர் விடையளிப்பர். களியுருண்டையின் அளவோ வீட்டுக்கு வீடு வேறுபடும். உடற்பருமனுக்காக இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள இருப்பவர், உணவியல் நிபுணரைக் காணுமுன் இவ்வளவைக் குறித்துக்கொள்ளல் இன்றியமையாதது.

இரைப்பையைக் குறுக்கும் அறுவையில் அவ்வுறுப்பின் பெரும்பகுதி நீக்கப்படுகிறது. தொடக்கத்தில் வேளைக்குச் சில கரண்டி உணவே கொள்ளும். ஆயினும் நாளொன்றுக்கு 60 கிராம் புரதமேனும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவில் உள்ளதோ ஏறக்குறைய 7 கிராமே. வைட்டமின் பி12-ஐ உடல் ஏற்கத் துணைபுரியும் பொருளும் இரைப்பையிலேயே சுரக்கிறது. முன்னரே இரும்புச்சத்தும் பி12-உம் குன்றியிருப்பின், பின்னர் சோகையும் நரம்புக் கேடும் நேரலாம்.

ஆகவே ஒரு வாரம் உண்டது அனைத்தையும் உடனுக்குடன் எழுதுதல் வேண்டும்: களி எத்தனை உருண்டை, எண்ணெய் எத்தனை கரண்டி, தேநீரில் சர்க்கரை எவ்வளவு, திருமலை லட்டு எத்தனை துண்டு. விரத நாட்களையும் விடலாகாது. உட்கொள்ளும் மருந்துகளையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் உடன் கொண்டுசெல்லல் நலம்.

குறைத்து எழுதுதல் தமக்கே தீங்காகும். நிபுணர் வினவுவது குற்றங்காண அன்று. குறைபாட்டை அறுவைக்கு முன்பே ஈடுசெய்யவே. எழுத்தறியாதவருக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு இக்குறிப்பை எழுதுவிக்கக் களப்பணியாளரும் ஆசிரியரும் உதவலாம்.